அடுக்களைக் கேள்வி-பதில்: ட்ரஃபிள் உப்பை அடுப்பில் போடாதீர்கள்

வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் பெட்டிகளில் பேரீச்சைக்கும் பாதாமுக்கும் நடுவே இப்போது ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியும் வருகிறது. உள்ளே கருப்புப் புள்ளி விழுந்த உப்பு, மேலே ‘ட்ரஃபிள்’ என்று பெயர். அதை என்ன செய்வது என்று கேட்டு குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருப்பதால், இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

தக்கலை வாசகி: மகன் கொண்டுவந்த ட்ரஃபிள் உப்பைத் திறந்தால் கேஸ் கசிந்த மாதிரி வாடை அடிக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. அதன் மணமே அதுதான். ட்ரஃபிள் என்பது மண்ணுக்குள்ளேயே விளையும் ஒரு காளான். அதன் வாசனையில் கந்தகச் சேர்மங்கள் முக்கியமானவை. கருப்பு ட்ரஃபிளில் டைமெத்தில் சல்ஃபைடும், வெள்ளை ட்ரஃபிளில் 2,4-டைதயாபென்டேன் என்ற பொருளும் முன்னால் நிற்கும். பூண்டு, வெங்காயம், காயம் மூன்றின் வாடையும் கந்தகத்திலிருந்து வருவதுதான். சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளை அதில் கலக்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் மூக்கு குழம்புகிறது.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குப்பியை மூடி அடுத்த அறையில் வைத்த பிறகும் அடுக்களையில் வாடை நின்றால், உப்பு மேல் பழி போட்டுவிட்டு நிற்க வேண்டாம். ரெகுலேட்டரை அடைத்து, சன்னலைத் திறந்து, மின்சுவிட்சைத் தொடாமல் குழாயைப் பாருங்கள்.

குப்பிக்குள் நேராக மூக்கை விட்டால் வாடை முரட்டுத்தனமாகத்தான் இருக்கும். சூடான சோற்றில் கால் ஸ்பூன் நெய் விட்டு, இரண்டு விரலால் எடுத்த ஒரு சிட்டிகையைத் தூவிப் பாருங்கள். அங்கே அது வேறு மணம்.

நாகர்கோவில் வாசகர்: இது எங்கே விளைகிறது? ஏன் இவ்வளவு விலை? சாக்லேட் ட்ரஃபிளும் இதுவும் ஒன்றா?

கடைசிக் கேள்விக்கு முதலில்: ஒன்றல்ல. உருண்டையாக, கருப்பாக, மேலே கொக்கோப் பொடி மண் போல ஒட்டியிருப்பதால் அந்த இனிப்புக்கு இந்தப் பெயர் வந்தது. அதில் காளான் கிடையாது.

ட்ரஃபிள் ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேரோடு ஒட்டி வாழ்வது. மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கும். அது மரத்துக்குத் தண்ணீரும் தாதுச்சத்தும் இழுத்துக் கொடுக்கும். மண்ணுக்கு மேலே தலைகாட்டாததால் அதன் விதைத்தூளைக் காற்று கொண்டுபோக வழியில்லை. ஏதாவது ஒரு விலங்கு மோப்பம் பிடித்து, தோண்டித் தின்று பரப்பினால்தான் உண்டு. அவ்வளவு பலமான மணம் அதற்காகத்தான். முன்பு பன்றிகளை வைத்துத் தேடினார்கள். அவை கண்ட இடத்திலேயே தின்றுவிடும், வேரையும் கிளறிவிடும். இத்தாலியில் 1985-இல் பன்றியை வைத்துத் தேடுவதைத் தடை செய்தார்கள். இப்போது பழக்கிய நாய்கள்தான். லகோட்டோ ரொமன்யோலோ என்ற சுருள்முடி நாய் இதற்கே பேர்போனது. இத்தாலியின் ட்ரஃபிள் தேடும் அறிவை 2021-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பெயர்போன வெள்ளை ட்ரஃபிள் (டூபர் மக்னாட்டம்) இத்தாலியில் ஆல்பா பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைக்கும். கருப்பு ட்ரஃபிள் (டூபர் மெலனோஸ்போரம்) பிரான்சின் பெரிகோர் பெயரால் அறியப்பட்டாலும், இன்று ஸ்பெயினின் தெருவேல் பகுதியில் பெரிய அளவில் தோட்டமிட்டு எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் விளைகிறது. அவர்களுக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் குளிர்காலம் என்பதால் ஐரோப்பாவில் இல்லாத நேரத்தில் அங்கிருந்து வரும். கோடை ட்ரஃபிள் (டூபர் எஸ்டிவம்) விலை குறைந்தது, மணமும் குறைந்தது. உப்புக் குப்பிகளில் அடிக்கடி இருப்பது இதுதான்.

விலைக்குக் காரணம் அருமை மட்டுமல்ல. நாற்று நட்டால் முதல் காய்ப்புக்கே ஐந்து முதல் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும். தோண்டி எடுத்த நாளிலிருந்தே மணம் குறையத் தொடங்கும். மீனைப் போல, அன்றன்றைக்கு விலை இறங்கும் சரக்கு. 2007-இல் ஒன்றரைக் கிலோ வெள்ளை ட்ரஃபிள் ஒன்று 3,30,000 டாலருக்கு ஏலம் போனது.

மார்த்தாண்டம் வாசகர்: குப்பியில் உண்மையில் எவ்வளவு ட்ரஃபிள் இருக்கும்? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

சேர்மானப் பட்டியலைப் படியுங்கள், அது போதும். எடையில் அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்ற வரிசையில்தான் அதை அச்சிட வேண்டும். முதலில் உப்பு இருக்கும். அடுத்து உலர்ந்த ட்ரஃபிள், பக்கத்தில் அது எத்தனை சதவீதம் என்ற எண். ஒன்று முதல் பத்து வரை எதுவும் இருக்கலாம். அதற்குப் பிறகு ‘ஃப்ளேவர்’ அல்லது ‘அரோமா’ என்று ஒரு சொல் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான குப்பிகளில் இருக்கும்.

அதனாலேயே அதைப் போலி என்று தள்ளிவிட முடியாது. ட்ரஃபிளை உலர்த்தும்போது மணம் தண்ணீரோடு சேர்ந்து பெருமளவு போய்விடுகிறது. குப்பியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் வாடை பெரும்பாலும் அந்தச் சேர்த்த மணத்தினுடையதுதான். மேலே சொன்ன 2,4-டைதயாபென்டேனை ஆலையில் செய்ய முடியும். ட்ரஃபிள் எண்ணெய் என்று விற்பதில் மிகுதியும் அதுதான். ஆனால் நிஜ ட்ரஃபிளில் பல பத்து மணப்பொருட்கள் கூட்டாக வேலை செய்கின்றன. ஒற்றைப் பொருளின் மணம் ஒற்றைத் தந்தி மீட்டியது போல, முதலில் கூர்மையாக வந்து பிறகு நாக்கில் வெகுநேரம் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கவனிக்க வேண்டிய ஏமாற்று வேறு. டூபர் இண்டிகம் என்ற சீன ட்ரஃபிள் பார்க்கக் கருப்பு ட்ரஃபிள் மாதிரியே இருக்கும், மணம் மிகக் குறைவு. அதில் மணம் ஏற்றி, ‘கருப்பு ட்ரஃபிள்’ என்று பொதுவாக எழுதி விற்பவர்கள் இருக்கக்கூடும். ஆகவே எந்த வகை என்ற அறிவியல் பெயர் இல்லாத குப்பிக்கு அதிக விலை கொடுக்காதீர்கள். இங்கே கடையில் வாங்கினால் இறக்குமதி செய்தவரின் முகவரியும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்க வேண்டும்.

குளச்சல் வாசகி: மீன்குழம்பில் போட்டேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. குப்பி வீணா, என் கை வீணா?

இரண்டும் இல்லை, இடம்தான் தப்பு. புளியும் மிளகாயும் வறுத்தரைத்த தேங்காயும் சேர்ந்த குழம்புக்குள் இந்த மணம் நிற்காது. மேலும் அது கொதிக்கிறது. மணப்பொருட்கள் ஆவியோடு கிளம்பி அடுக்களைக்கு வந்துவிடும், சட்டிக்குள் வெறும் உப்புதான் மிஞ்சும். புளிமுளம், தீயல், ரசம், சாம்பார் எதற்கும் இது வேண்டாம். கடுகு, கறிவேப்பிலை, காயம் தாளித்த எதற்கும் வேண்டாம்.

இது பரிமாறும்போது மேலே தூவும் உப்பு. அதற்கு வேண்டியது மூன்று: சாதுவான சுவை, கொஞ்சம் கொழுப்பு, மிதமான சூடு. இந்த மணம் கொழுப்பில் கரைந்து நிற்கும். நெய், வெண்ணெய், முட்டைக்கரு எல்லாம் அதைப் பிடித்துவைக்கும். தண்ணீர் பிடித்துவைக்காது.

முட்டையில் தொடங்குங்கள். மூன்று முட்டைக்கு இரண்டு மேசைக்கரண்டி பால் சேர்த்து அடித்து, 15 கிராம் உப்பில்லாத வெண்ணெயில் சிறு தீயில் கிண்டுங்கள். வெங்காயம், பச்சைமிளகாய் வேண்டாம். முட்டை இன்னும் ஈரமாக, தயிர்க்கட்டி போல இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். சட்டியின் சூடே மீதியை வேகவைக்கும். தட்டில் போட்ட பிறகு கால் தேக்கரண்டி ட்ரஃபிள் உப்பு. முட்டையை அடிக்கும்போது உப்பே போட்டிருக்கக் கூடாது. போட்டிருந்தால் கடைசியில் இதைத் தூவ இடமிருக்காது, கரித்துவிடும். பலருக்கும் தவறுவது இந்த இடத்தில்தான்.

நம் மரச்சீனிக் கிழங்குக்கு (மரவள்ளி) இது அழகாகப் பொருந்தும், உருளைக்கிழங்கைவிட நன்றாகவே. அரைக்கிலோ கிழங்கைத் தோலுரித்து, விரல் கனத்தில் நீளமாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அரை வேக்காட்டுக்கு மேல் வேகவையுங்கள். குத்தினால் கத்தி இறங்க வேண்டும், கிழங்கு உடையக் கூடாது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், எதற்கும் எடுக்க வேண்டாம். நடு நரம்பை உருவிவிட்டு, துணியில் பரப்பி கால் மணி நேரம் ஈரம் போக விடுங்கள். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் தெறிக்கும், மொறுமொறுப்பும் வராது. தேங்காயெண்ணெயின் மணம் ட்ரஃபிளை அமுக்கிவிடும் என்பதால் இதற்கு மட்டும் மணமில்லாத ரீஃபைண்ட் எண்ணெயில் பொரியுங்கள். கோரி எடுத்து, ஆவி அடங்க அரை நிமிடம் விட்டு, மேலே எண்ணெய்ப் பளபளப்பு இருக்கும்போதே அரை தேக்கரண்டி உப்பை விரலால் நசுக்கிக்கொண்டே தூவிக் குலுக்குங்கள். நன்றாக ஆறிவிட்டால் உப்பு ஒட்டாமல் தட்டின் அடியில் கிடக்கும். அப்போது ஒரு தேக்கரண்டி உருக்கிய வெண்ணெயைப் பிசிறிவிட்டுத் தூவுங்கள்.

சம்பா அரிசிக் கஞ்சிக்கும் நல்லது. உப்பில்லாமல் காய்ச்சி, கிண்ணத்தில் ஊற்றி, ஒரு தேக்கரண்டி நெய், இரண்டு சிட்டிகை உப்பு. தொட்டுக்கொள்ள அவித்த சிறுபயறு போதும். துவையலும் ஊறுகாயும் பக்கத்தில் இருந்தால் மணம் காணாமல் போகும்.

மீன்தான் வேண்டும் என்றால் கணவாய் எடுங்கள். கால் கிலோ கணவாயை வளையமாக அரிந்து, துடைத்து, நன்றாகக் காய்ந்த சட்டியில் ஒன்றரை நிமிடம். அதற்கு மேல் போனால் ரப்பர். அணைத்துவிட்டு ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், கால் தேக்கரண்டி ட்ரஃபிள் உப்பு. நெய்மீன் துண்டுக்கும் இதே முறைதான், மசாலா மட்டும் பூசாதீர்கள்.

அடிக்கடி பயன்படுத்துபவர்கள் வெண்ணெயாகவே செய்து வைக்கலாம். அறைச்சூட்டில் இளகிய 100 கிராம் உப்பில்லாத வெண்ணெயில் ஒரு தேக்கரண்டி உப்பைப் பிசைந்து, இறுக மூடி, ஒரு இரவு ஃப்ரிட்ஜில். மறுநாள் மணம் முழுவதும் வெண்ணெய்க்குள் இறங்கியிருக்கும். இரண்டு வாரத்தில் தீர்த்துவிடுங்கள்.

வடசேரி வாசகர் (சிப்ஸ் போடுகிறவர்): ஏத்தங்காய் சிப்ஸில் ட்ரஃபிள் வகை செய்து பார்க்க ஆசை. வழக்கம்போல உப்புத் தண்ணீரில் கரைத்து எண்ணெயில் விட்டேன். மணமே இல்லை, கருப்புத் துகள் கருகி எண்ணெயும் கெட்டது.

உப்புத் தண்ணீர் காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் சடசடவென்று ஆவியாகிறதே, அந்த ஆவியோடுதான் உங்கள் காசும் போனது. இதற்கு முறையை மாற்ற வேண்டும். மஞ்சளும் உப்பும் இல்லாமல் வெறுமனே பொரித்து எடுங்கள். எண்ணெய் வடிந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், ஒரு கிலோ சிப்ஸுக்கு 12 கிராம் கணக்கில் நைசான ட்ரஃபிள் உப்பை அகலப் பாத்திரத்தில் இரண்டு தவணையாகத் தூவிப் புரட்டுங்கள். பரல் உப்பாக இருந்தால் ஒட்டாது, பாக்கெட்டின் அடியில் சேரும். அரைக்க வேண்டும், ஆனால் மிக்ஸியை ஒரேயடியாக ஓட்டினால் ஜார் சூடாகி மணம் போகும். இரண்டு மூன்று விநாடி விட்டு விட்டு அடியுங்கள், அல்லது கல்லுரலில் இடியுங்கள்.

தேங்காயெண்ணெய் இல்லாமல் நாகர்கோவில் சிப்ஸா என்று கேட்பீர்கள். நியாயம்தான். வழக்கமான சரக்கில் கைவைக்காமல், இந்த வகைக்கு மட்டும் தனிச் சட்டி, தனி எண்ணெய் வையுங்கள். பாக்கெட்டில் சேர்மானத்தையும், மணம் சேர்த்த உப்பு என்றால் அதையும் மறைக்காமல் அச்சிடுங்கள்.

புத்தளம் வாசகர்: எங்கள் அளத்து உப்பிலேயே இதைச் செய்ய முடியாதா? வெளிநாட்டு உப்பில் அப்படி என்ன விசேஷம்?

உப்பில் பெரிய விசேஷம் இல்லை. சோடியம் குளோரைடு எங்கும் ஒன்றுதான். வித்தியாசம் பரலின் வடிவத்திலும், கசப்பு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதிலும்தான். பாத்தித் தண்ணீர் 25 டிகிரி போமே அடர்த்தியை எட்டும்போது உப்பு விழத் தொடங்கும் என்பதும், 30-ஐத் தாண்டவிட்டால் மக்னீசியம் சேர்ந்து கசக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. காற்றில்லாத சாயங்காலம் பாத்தியின் மேல் மெல்லிய ஆடையாக உப்பு மிதக்குமே, அதைத்தான் பிரான்சின் கெராண்டில் தனியாக வழித்து ‘உப்பின் பூ’ என்று பெரும் விலைக்கு விற்கிறார்கள். சுவாமிதோப்பிலும் புத்தளத்திலும் தொட்டால் நொறுங்கும் அந்த ஆடை அடியில் இறங்கிக் கல்லுப்போடு கலந்துவிடுகிறது.

வீட்டுக்குச் செய்ய: கால் கிலோ சுத்தமான வெள்ளைக் கல்லுப்பை, உப்பு இனிமேல் கரையாது என்ற அளவுக்கு ஏற்கெனவே உப்பு கரைத்த தண்ணீரில் அலசுங்கள். வெறும் தண்ணீரில் அலசினால் உப்பே கரைந்து போய்விடும். நிறைந்த உப்புநீர் மக்னீசியக் கசப்பையும் தூசியையும் மட்டும் எடுத்துப்போகும். வடிகட்டி, வெயிலிலோ 100 டிகிரி ஓவனிலோ மொறமொறவென்று உலர்த்தி, முழுவதும் ஆறிய பிறகு கொரகொரப்பாக உடையுங்கள். 100 கிராம் உப்புக்கு 5 கிராம் உலர்ந்த ட்ரஃபிள் துகள். கலந்து, இறுக்கமான குப்பியில் கழுத்து வரை நிரப்பி ஒரு வாரம் இருட்டில் வையுங்கள். மேலே காலி இடம் விட்டால் மணம் அதில் போய் நிற்கும். மணம் சேர்க்காததால் கடைச் சரக்கைவிட மென்மையாகவே இருக்கும்.

இதை விற்க நினைக்காதீர்கள். அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக உண்பதற்கென்று விற்க 2006 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது.

கருங்கல் வாசகி: மழை தொடங்கியதும் குப்பி முழுவதும் கட்டியாகிவிட்டது. சாதாரண உப்பை வறுப்பதுபோல வறுக்கலாமா?

வறுக்கவே கூடாது, வெயிலிலும் வைக்கக் கூடாது. உப்பு காயும், மணம் செத்துவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே கசியத் தொடங்கும். மக்னீசியம் ஒட்டிய கடலுப்பு அதற்கு முன்பே கசியும். நம் மாவட்டத்துக்கு ஆனியாடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இரண்டு முறை இந்தத் தொல்லை வரும்.

கட்டியை மரக்கரண்டிக் காம்பால் உடைத்து, உணவுக்கு ஏற்ற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு மூடி இரண்டு நாள் வையுங்கள். உதிர்ந்துவிடும். இனிமேல் 20 கிராம் மட்டும் சிறு குப்பியில் எடுத்துப் புழங்குங்கள், மீதியைத் திறக்காதீர்கள். ஆவி பறக்கும் சட்டிக்கு மேலே குப்பியைக் கவிழ்த்துத் தட்டுவதுதான் கட்டி விழ முதல் காரணம். கையில் எடுத்துத் தூவுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து வைத்தால் குளிர்ந்த உப்பின் மேல் வியர்த்துவிடும். திறந்த ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். மணம் போன பிறகும் அது நல்ல உப்பே. கிழங்கு அவிக்கப் போட்டுக்கொள்ளலாம்.

குலசேகரம் வாசகர்: ரப்பர் தோட்டத்தில் மழைக்குப் பிறகு மண்ணுக்குள் உருண்டையாக ஒன்று கிடைத்தது. வெட்டினால் உள்ளே கருப்பு. ட்ரஃபிள்தானே? இங்கே வளர்க்க முடியுமா?

தயவுசெய்து அதைச் சாப்பிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது மண்பந்துக் காளானாக இருக்க வாய்ப்பு அதிகம். தடித்த தோல், உள்ளே ஊதா கலந்த கருப்பு, முற்றினால் பொடியாக உதிரும். சாப்பிட்டால் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ட்ரஃபிளை வெட்டினால் பளிங்குக் கல் போல வெள்ளை நரம்பு ஓடியிருக்கும். சில கொடிய நச்சுக் காளான்களும் குருத்தில் முட்டை போல உருண்டையாகத்தான் இருக்கும். புற்றுக் கூண் (புற்றில் முளைக்கும் காளான்) தெரிந்தவர்கள்கூட உருண்டைகளைத் தொடுவதில்லை. படத்தைப் பார்த்து முடிவு செய்யும் காரியமல்ல இது.

வளர்க்க முடியாது. ட்ரஃபிளுக்குச் சுண்ணாம்பு மண் வேண்டும், கார அமில அளவு எட்டை ஒட்டி இருக்க வேண்டும். நம் மேற்குப் பகுதிச் செம்மண் அமிலத்தன்மை உள்ளது. ஓக், ஹேசல் மரங்களும் நல்ல குளிர்காலமும் வேண்டும். ட்ரஃபிள் நாற்று என்று இங்கே யாராவது விலை பேசினால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இரணியல் வாசகி: சவுதிச் சந்தையில் குளிர்காலத்தில் ‘ஃபகா’ என்று கிலோக் கணக்கில் விற்கிறார்கள், அதுவும் ட்ரஃபிள்தான் என்கிறார் கணவர்.

பாலைவன ட்ரஃபிள். டெர்ஃபெசியா, டிர்மானியா என்ற வேறு இனங்கள். மழைக்குப் பிறகு பாலையில் ஒரு குறுஞ்செடியின் வேரோடு விளையும். மணம் குறைவு, உருளைக்கிழங்கு போலக் காயாகச் சமைத்துச் சாப்பிடுவது. இடுக்கில் மணல் இருக்கும், நாலைந்து தண்ணீரில் கழுவ வேண்டும். அதை உப்பில் கலந்தால் இந்த மணம் வராது.

ஆரல்வாய்மொழி வாசகர்: ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் சாதா உப்புக்குப் பதிலாக இதைச் சாப்பிடலாமா?

பதிலாக அல்ல. இதிலும் சோடியம் அதே அளவுதான், எடையில் 40 சதவீதம். ஒரு நாளைக்கு எல்லா உப்பும் சேர்த்து 5 கிராமுக்குக் கீழ் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தூவுவதையும் அதற்குள் கணக்கிடுங்கள். இதில் பெரும்பாலும் அயோடின் இருக்காது என்பதால் அன்றாட உப்பை நிறுத்திவிட வேண்டாம்.

பூதப்பாண்டி வாசகி: அவ்வளவு காசு கொடுக்க முடியாது. நம்மூர்க் காளானில் ஏதாவது வழி உண்டா?

உண்டு. ட்ரஃபிள் மணம் வராது, ஆனால் உணவுக்கு அடியில் ஒரு கனத்த சுவையைக் கொடுக்கும், சூட்டையும் தாங்கும். ட்ரஃபிள் உப்பால் முடியாத வேலை அது.

200 கிராம் சிப்பிக் காளான் அல்லது மொட்டுக் காளானைக் கழுவாமல் ஈரத்துணியால் துடையுங்கள். மூன்று மில்லிமீட்டர் கனத்தில் அரிந்து, 60 டிகிரி ஓவனில் கதவைச் சற்றே திறந்து ஆறு முதல் எட்டு மணி நேரம், அல்லது பங்குனிச் சித்திரை வெயிலில் வலைத்துணி மூடி இரண்டு நாள். மழைக்காலத்தில் வெயிலை நம்பாதீர்கள், நடுவில் பூசணம் பிடிக்கும். 200 கிராம் சுருங்கி 20 கிராம்தான் ஆகும். வளைத்தால் அப்பளம்போல ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, அப்படியே அரைத்தால் பொடி கட்டிபிடித்துக் கெடும். ஆறவிட்டுப் பொடித்து, 80 கிராம் உலர்ந்த உப்போடு கலந்து சலியுங்கள். இரண்டு மிளகு சேர்த்து இடித்தால் முட்டைக்கு நன்றாக இருக்கும். அவித்த மரச்சீனி, உளுந்தங்கஞ்சி, வெண்ணெய் தடவிச் சுட்ட சோளம் எல்லாவற்றுக்கும் போடலாம். பொரியலில் இறக்குவதற்கு முன்பே சேர்த்தாலும் கெடாது.